பொறுப்பாளர் கவனத்துக்கு

"பொறுப்புங்கற வார்த்தை இதுல நாலு தடவை வருது. மொத்தமே மூணு வரிதான்," என்றாள் மனைவி.

கண்ணாடிக் கடைக்காரர் காகிதத்தை வாங்கிப் படித்தார். நம்பிக்கை வரவில்லை. மூக்குக்கண்ணாடி விற்கிற கடையில் கண்ணாடிக்கா பஞ்சம்? மூன்று கண்ணாடி மாற்றிப் படித்தார். மூன்றிலும் அதே எழுத்துதான் இருந்தது.

'பொறுப்பாளர் கவனத்துக்கு. தங்கள் பொறுப்பில் விளையாடுபவர் வயது வந்தவர்தானா என்று சரிபார்ப்பது தங்கள் பொறுப்பு. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இதைப் பொறுப்புடன் செய்து முடிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்.'

அன்று திங்கட்கிழமை.

அனுப்பியது ஒரு விளையாட்டுக் கம்பெனி. ஊர் கட்டும் விளையாட்டு அது. கம்ப்யூட்டருக்குள் ஆளுக்கொரு பொம்மையாகப் போய், கல் உடைத்து, மரம் வெட்டி, வீடு கட்டிக்கொள்ள வேண்டும். தனியாகக் கட்டினால் வீடு, பல பேர் சேர்ந்து கட்டினால் ஊர். அப்படிச் சேர்ந்து கட்டுவதற்கு எங்காவது ஒரு கம்ப்யூட்டர் கண்ணயராமல் ஓடி, எல்லோரையும் ஓரிடத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதற்கு சர்வர் என்று பெயர். கண்ணாடிக்காரருடைய சர்வர் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கிற மேஜைக்கு அடியில், தூசி படாமலிருக்க ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

அதில் முப்பத்தோரு பேர் குடியிருந்தார்கள். ரயில் நிலையம் இருந்தது, மணிக்கூண்டு இருந்தது, வழக்கே வராத நீதிமன்றம் ஒன்றும் இருந்தது. நடுவே ஆறு. ஆற்றுக்கு மேல் எட்டு மாதமாகக் கட்டிய பாலம், சனிக்கிழமை திறப்பு விழா. திறந்து வைக்க வேண்டியவர் மேயர். மேயர் யார்? நம் கண்ணாடிக்காரர்தான். கடையில் அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, பார்வை சரியில்லாமல்தானே வருகிறார்கள். அந்த ஊருக்குள் மட்டும் அவர் தெருவில் இறங்கினால் முப்பத்தோரு பேரும் குதித்துக் குதித்து வணக்கம் சொல்வார்கள். கணக்கை முடக்கிவிட்டால் மேயர் இல்லை, ஊர் இல்லை, பாலத்துக்கு இரண்டு பக்கமும் கரையே இல்லை.

"விளையாடுபவர்னுதான போட்டிருக்கு? விளையாடுபவர்கள்னு இல்லையே," என்றாள் மனைவி.

"அதெல்லாம் மரியாதைம்மா. கம்பெனிக்காரன் மரியாதையா எழுதியிருக்கான்," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரர் வேலையில் இறங்கினார்.

முதலில் நேரடியாகவே கேட்டுப் பார்த்தார். மணிக்கூண்டுக்கு அடியில் எல்லோரையும் கூட்டி, "உங்க வயசைச் சொல்லுங்க," என்றார்.

முப்பத்தோரு பேருக்கும் பதினெட்டு. அதில் பூசணி என்ற பெயரில் விளையாடுகிறவர், "பதினெட்டுதாங்க, போன வருஷம்தான் பென்ஷன் வந்துச்சு," என்றார்.

சுண்டெலி என்ற பெயர்க்காரர் கேட்டார்: "என் வயசுக்கு நீங்க எப்படிப் பொறுப்பு? எங்கப்பாவே அதுக்குப் பொறுப்பு ஏத்துக்கல!"

"நோட்டீஸ்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப எங்க தாத்தா வயசுக்கு யாரு பொறுப்பு? அவருக்கும் சேத்து ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

இது சரிப்படாது என்று கண்டுகொண்ட கண்ணாடிக்காரர், செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு போர்டு வைத்தார். சர்வர் பட்டியலைத் திறக்கிற எவர் கண்ணிலும் முதலில் படுகிற மாதிரி, கடையில் கண் பரிசோதிக்கும் அட்டையின் முதல் வரி அளவுக்குப் பெரிய எழுத்தில்:

வயது வந்தவர்களுக்கு மட்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் ஊருக்குள் தொள்ளாயிரம் பேர் புதிதாக நிற்கிறார்கள்.

நின்றார்கள் என்றால் சும்மா நிற்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தற்செயலாக அந்தப் பக்கம் வந்த மாதிரி நின்றார்கள். பூசணித் தோட்டத்தில் மட்டும் இருநூறு பேர்.

மேயரைப் பார்த்ததும் ஒருவர் மெதுவாக நெருங்கி வந்தார். "எப்பங்க ஆரம்பிக்கும்?"

"எது?"

"அதாங்க."

"எதுங்க?"

"போர்டுல போட்டிருக்கே."

"ஓ, அதுவா! பாலத்துல இன்னும் கைப்பிடிச் சுவர் பாக்கி இருக்கு. ஆளுக்கு அம்பது கல்லு தூக்கணும்."

வந்தவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு புரிந்துவிட்டது போல மெல்லச் சிரித்தார். "புரியுது, புரியுது. அம்பது கல்லு," என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றவர் காதில் ஓதினார். அது ஏதோ சங்கேதம் என்று தொள்ளாயிரம் பேருக்கும் பரவிவிட்டது. சாயங்காலத்துக்குள் நாற்பத்தைந்தாயிரம் கல் வந்து இறங்கி, கைப்பிடிச் சுவர் இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பியது. அதற்கு மேலும் ஒன்றும் ஆரம்பிக்கவில்லை. ஆனாலும் ஒருவரும் போகவில்லை. இவ்வளவு கல் தூக்கச் சொல்கிறார்கள் என்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்கும் என்று காத்திருந்தார்கள்.

"முப்பத்தோரு பேருக்கு வயசு பார்க்க முடியல. இப்ப தொள்ளாயிரத்து முப்பத்தோரு பேரு," என்றாள் மனைவி. "பொறுப்பு நல்லா வளருது."

கண்ணாடிக்காரர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. புதன்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர், வாயில் நுரையோடு ஓடி வந்தார்.

"வயசைக் கேக்கவே வேண்டாம்மா! நம்ம பேச்சுலயே வயசு இருக்கு. யார் யாரை அண்ணான்னு கூப்பிடறாங்கன்னு பார்த்தா போதும். கூப்பிடறவன் சின்னவன், கூப்பிடப்படறவன் பெரியவன். வரிசையா அடுக்கிடலாம்."

"வாயைக் கொப்புளிங்க முதல்ல."

கொப்புளித்துவிட்டு உட்கார்ந்தார். பழைய முப்பத்தோரு பேரும் நாலு வருஷமாகப் பேசிக்கொண்டதெல்லாம் சர்வரில் எழுத்தாக இருந்தது. அதை முழுவதும் படித்து, ஒரு கண் பரிசோதனை அட்டையின் முதுகில் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனார். இடிமுழக்கம் என்பவர் பூசணியை அண்ணா என்கிறார். பூசணி சுண்டெலியை அண்ணா என்கிறார். சுண்டெலி யாரை அண்ணா என்கிறார் என்று தேடினால், இடிமுழக்கத்தை. ஆக, கணக்குப்படி இடிமுழக்கம் தன்னைவிடத் தானே மூத்தவர்.

ஒருவேளை அம்புக்குறியில் தப்பு இருக்குமோ என்று மறுபடி போட்டார். இம்முறை முப்பத்தோரு பேருமே தங்களைவிட மூத்தவர்களாக வந்தார்கள்.

"மரியாதைக்குக் கூப்பிடறதையெல்லாம் வயசுக்கு எடுத்தா இப்படித்தான்," என்றாள் மனைவி. "நீங்க பால் போடறவரை அண்ணாங்கறீங்க. அவரு உங்களை அண்ணாங்கறாரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் வளர்த்துவிட்டுக்கிட்டே போறீங்க."

அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார். விடவில்லை. மேயர் என்ற முறையில் ஓர் உத்தரவு போட்டார்: இன்றிலிருந்து இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் உண்மையான வயதுப்படியே அழைக்க வேண்டும். மரியாதைக்கு அண்ணா கூடாது. வாய்க்கு வந்தபடி தம்பி கூடாது.

ஒரு மணி நேரத்தில் ஊர் இரண்டாகப் பிளந்தது.

"யாரைப் பாத்து அக்காங்கறே? எனக்கு நீ அக்கா மாதிரி இருக்கே!"

"நாலு வருஷமா என்னை அண்ணான்னு சொல்லிட்டு, இப்ப தம்பிங்கறான் சார். அப்ப நான் உடைச்ச கல்லுக்கெல்லாம் என்ன மரியாதை?"

"ஸ்டேஷன் மாஸ்டரை மாமான்னு கூப்பிட்டேன். அவரு ராஜினாமா பண்ணிட்டாரு."

வியாழக்கிழமை மாலை மேற்குக் கரைக்காரர்கள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். கிழக்குக் கரைக்காரர்கள் 'பெரியப்பா' என்று சொன்னதைத் திரும்பப் பெறும்வரை பாலத்தில் கால் வைப்பதில்லை. வழக்கே வராத நீதிமன்றத்தில் நாற்பது வழக்கு. புதிதாக வந்த தொள்ளாயிரம் பேரும், ஏதோ ஆரம்பித்துவிட்டது என்று சந்தோஷமாகச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கண்ணாடிக்காரர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். அரசாங்கத்தையே கேட்டுவிடுவது. விசாரணை நம்பருக்குப் போன் போட்டு, "சர்வர் வச்சிருக்கேங்க, வயசு சரிபார்க்கறது விஷயமா ஒரு சந்தேகம்," என்றார். "ஒரு நிமிஷம்," என்று சொல்லி வேறு ஓர் அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். எந்த அலுவலகம் என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஓர் ஆண் குரல் வந்தது. "எத்தனை சர்வர் வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுதாங்க. சின்ன இடம்."

"வயசு என்ன?"

"அடுத்த மாசம் வந்தா நாலு முடியுதுங்க."

"நாலா?"

"ஆமாங்க. பார்த்தா தெரியாது. நல்லா உழைக்கும்."

"எத்தனை மணி நேரம் வேலை வாங்கறீங்க?"

"இருபத்துநாலு மணி நேரமும்தாங்க. ஞாயித்துக்கிழமைகூட நிறுத்தறதில்ல. நிறுத்தினா மறுபடி எழுப்பறது பெரும்பாடு."

"சம்பளம்?"

கண்ணாடிக்காரர் சிரித்தார். "நல்ல தமாஷ்ங்க. கரன்ட்டு மட்டும் குடுப்பேன்."

"கரன்ட்டு குடுப்பீங்களா!"

"குடுக்காம எப்படி ஓடும்? எப்பவாவது மக்கர் பண்ணும். தலையில ஓங்கி ஒரு தட்டு தட்டினா சரியாயிடும்."

"எங்க வச்சிருக்கீங்க?"

"பின்னறையில, மேஜைக்கு அடியிலங்க. வெளியே தெரியாம அட்டைப்பெட்டி போட்டு மூடியிருக்கேன். மூச்சு விடட்டும்னு ரெண்டு ஓட்டை போட்டிருக்கேன்."

"அட்ரஸ் சொல்லுங்க."

சொன்னார். போனை வைத்ததும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அரசாங்கத்துல இவ்வளவு அக்கறையா விசாரிப்பாங்கன்னு நினைக்கவே இல்லம்மா. சம்பளம் வரைக்கும் கேட்டாரு."

நாற்பது நிமிடத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர்கள் ஐந்து பேர். குழந்தைத் தொழிலாளர் மீட்பு ஆய்வாளர் ஒருவர், போலீஸ்காரர் இரண்டு பேர், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு ஒரு டாக்டர், கையில் போர்வையும் பால் டம்ளருமாக ஓர் அம்மாள்.

ஆய்வாளர் கடையின் போர்டை நிமிர்ந்து பார்த்தார். "ஹோட்டல்னு தெரியக்கூடாதுன்னு கண்ணாடிக் கடைன்னு எழுதி வச்சிருக்கான் பாருங்க," என்றார். பிறகு உள்ளே பாய்ந்தார். "எங்கேய்யா அந்த நாலு வயசு?"

"சர்வருங்களா? பின்னால இருக்குங்க. தாராளமாப் பாருங்க. மெதுவா வாங்க, வேலை செஞ்சுக்கிட்டிருக்கு."

போர்வைக்கார அம்மாள் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டார். போலீஸ்காரர் மேஜையை நகர்த்தினார். ஆய்வாளர் மண்டியிட்டு, "பயப்படாதே கண்ணா, மாமா வந்துட்டேன்," என்று அட்டைப்பெட்டியைத் தூக்கினார்.

உள்ளே இருந்தது பச்சை விளக்கைச் சிமிட்டியது.

"இது என்னது?"

"சர்வர்."

"இது கம்ப்யூட்டர்யா!"

"ஆமாங்க. கம்ப்யூட்டர் சர்வர்."

"டேபிள் துடைக்கிற சர்வர் எங்கே?"

"டேபிள் நாங்களே துடைச்சுக்குவோம்," என்றாள் மனைவி.

ஆய்வாளர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "கேஸ் நம்பர் போட்டாச்சு. மேலிடத்துக்குத் தகவல் போயாச்சு. இப்ப வெறுங்கையோட போனா, குழந்தையை எங்கே மறைச்சேன்னு என்னைத்தான் கேப்பாங்க." பையிலிருந்து தாளை எடுத்துப் படித்தார். "நாலு வயசு சர்வர். இருபத்துநாலு மணி நேர வேலை. சம்பளம் கிடையாது. மேஜைக்கு அடியில் இருப்பு. தலையில் அடி." நிமிர்ந்தார். "இதுல எது பொய்?"

"ஒண்ணும் பொய் இல்லைங்க," என்றார் கண்ணாடிக்காரர். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அப்ப மீட்டுத்தான் ஆகணும்."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். "நெஞ்சுல இரைச்சல் இருக்கு."

"அது உள்ள இருக்கற ஃபேன் டாக்டர்."

"தூசி ஒத்துக்கலை. எடை ஏழு கிலோ, வயசுக்குப் பத்தாது," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அம்மாள் அதைப் போர்வையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். போலீஸ்காரர் பிளக்கைப் பிடுங்கினார். எங்கெங்கோ அவரவர் வீட்டில் உட்கார்ந்திருந்த தொள்ளாயிரத்து முப்பத்தோரு பேர், சண்டையின் உச்சத்தில், பாதி வார்த்தையோடு உறைந்து போனார்கள்.

ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடிய கண்ணாடிக்காரர் குழந்தைகள் காப்பகத்துக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று. அங்கே சர்வரைக் கட்டிலில் தலையணை வைத்து, கழுத்துவரை போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் பால் ஆறிக்கொண்டிருந்தது.

"சமத்துங்க," என்றாள் ஆயா. "வந்ததுலேர்ந்து ஒரு அழுகை இல்ல. பால்தான் குடிக்க மாட்டேங்குது."

காப்பாளர் மூன்று மணி நேரம் காக்க வைத்தார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். "பதினெட்டு வயசு ஆகிற வரைக்கும் வேலைக்கு வைக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்தா அனுப்பலாம்."

"இன்னும் பதினாலு வருஷம் ஆகுங்களே! அதுவரைக்கும் இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?"

"விளையாட விடுங்க."

"விளையாடலாமா?"

"குழந்தைன்னா விளையாடத்தான வேணும்? அதுக்கு யாரு தடை சொன்னது?"

கண்ணாடிக்காரர் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். போர்வையைத் திருப்பித் தர மறந்து, அப்படியே தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்தார். பிளக்கைச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. நாலு ஐம்பதுக்கு ஊர் உயிர் பெற்றது, விட்ட வார்த்தையிலிருந்து சண்டையும் தொடர்ந்தது.

பாலம் இருக்கிறது, கைப்பிடிச் சுவர் இருக்கிறது. ஆனால் ஐந்து நாளில் ஒருவர் வயதையும் அவர் சரிபார்க்கவில்லை. மேயர் பாலத்தின் நடுவே போய்த் தனியாக நின்றார். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மனைவி வந்து தோளில் கை வைத்தாள். "விடுங்க. போனா போகட்டும், வேற ஊர் கட்டிக்கலாம்."

"எட்டு மாசம்மா," என்றார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

நாலு ஐம்பத்தைந்துக்குப் போன் அடித்தது. விளையாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண்.

"பொறுப்பாளருங்களா சார்? வயசு சரிபார்ப்பு இன்னும் வரலையே."

கண்ணாடிக்காரர் கொட்டித் தீர்த்துவிட்டார். பதினெட்டைச் சொன்னார், போர்டைச் சொன்னார், அண்ணாவைச் சொன்னார், ஜீப்பைச் சொன்னார். "தொள்ளாயிரத்து முப்பத்தோரு பேரும்மா! ஒத்த ஆளா நான் எப்படிப் பொறுப்பு ஏத்துக்கறது?"

"அவங்களைப் பத்தி உங்களை யாரு சார் கேட்டா?" என்றாள் அந்தப் பெண் குழப்பத்தோடு. "அவங்கவங்க வயசை அவங்கவங்க கணக்கு தொடங்கும்போதே நாங்க பார்த்துட்டோம். பழைய கணக்குல பாக்கி இருக்கறது ஒரே ஒருத்தர்தான். அவங்க வீட்டுப் பொறுப்பாளருக்குத்தான் நோட்டீஸ் போட்டோம்."

"ஒருத்தரா? யாரும்மா அது?"

"மேயர்னு ஒரு கணக்கு சார்."

"மேயர் நான்தாம்மா!"

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. சர்வரை முதன்முதலில் ஓடவிட்ட அன்று, கம்பெனிப் படிவத்தில் 'பிறந்த தேதி' என்று ஒரு கட்டம் வந்தது. இருந்த பூரிப்பில், தான் பிறந்த தேதியை எழுதாமல் சர்வர் பிறந்த அன்றைய தேதியை எழுதிவிட்டிருந்தார்.

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. பிறகு வந்த குரல் ஒரேயடியாகக் குழைந்து இனித்தது.

"அச்சச்சோ, அடுத்த மாசம்தான் நாலு முடியுதா, அதுக்குள்ள எவ்வளவு அழகா பேசுது பாரு... வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா போனைக் குடுடா செல்லம்!"